ஆறு இலக்கம்

இவ்வளவு நாள் பழகியும் என்னைத் தெரியவில்லையா உனக்கு? முடி போனால் நான் வேறு ஒருத்தியா?

மனதுக்குள் கேட்டுக்கொண்டே ஹேமாவதி போனை மறுபடியும் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் பூட்டுக் குறி ஒருமுறை ஆடி நின்றது. மழித்த தலையில் பூசிய சந்தனம் நெற்றியில் வழிந்து இமையில் ஒட்டியிருந்தது.

"என்னாச்சு?" பக்கத்துப் படியில் புளியோதரைத் தொன்னையுடன் உட்கார்ந்திருந்த நவீன்குமார் கேட்டான்.

"மொட்டையப் பாத்து யாரோன்னு நெனச்சிக்கிச்சு பாவா. தெறக்க மாட்டேங்குது."

"எனக்கே தெரியல. மண்டபத்துல வேற ஒரு மொட்டை பின்னாடி போயிகினு இருந்தேன். அந்தம்மா திரும்பி மொறைச்ச அப்புறந்தான் நிறுத்தினேன்."

அவள் சிரித்துவிட்டாள். மாமன் மகன், இப்போது கணவன். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுக்குப் பாவா. அரக்கோணத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அடிக்கடி போகிறவன், போன மாதம் அங்கேயே டெங்குக் காய்ச்சலில் விழுந்தான். எழுந்து உட்கார்ந்தால் போதும் என்று திருத்தணி முருகனுக்கு முடியை நேர்ந்துகொண்டது அவள்தான். அவன் கேட்கவில்லை.

காய்ச்சலுக்கு முன்பே அவளுக்கு வேறொரு தொல்லை இருந்தது. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களிடம் புடவை எடுத்து, போனிலேயே படம் போட்டு விற்கிறவள் அவள். அந்த விற்பனைப் பக்கத்தின் கணக்குக்குள் யாரோ நுழைந்திருந்தார்கள். வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதுவரை எடுத்துக்கொண்டு போய், அதே புடவைகளைக் குறைந்த விலைக்கு வேறொரு பக்கத்தில் விற்றார்கள். அங்கே வாங்கிய ஒருத்தி பார்சலின் படத்தை அனுப்பினாள். புறப்பட்ட ஊர் அரக்கோணம் என்றிருந்தது.

பார்சல் கட்ட வரும் சுதா தினமும் அரக்கோணத்திலிருந்துதான் ரயிலில் வந்தாள். ஹேமாவதி சமையலில் இருந்தால் போனை எடுத்துப் பேசுகிறவளும் அவள்தான். "சாமி சத்தியமா நான் இல்லக்கா" என்று அழுதவளை, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கு நவீன்குமார்தான் போனுக்கு முகப்பூட்டு போட்டுக் கொடுத்தான். தன் முகத்துக்கு எதிரே பிடித்து, திறக்கவில்லை என்றும் காட்டினான்.

"பாத்தியா? கட்ன புருசனுக்கே தெறக்காது. உன் மொகத்தத் தவிர எவனாலயும் முடியாது, போதுமா?"

ஆனால், சுதா போன பிறகு எடுத்த படங்களும் அந்தப் பக்கத்தில் வந்துகொண்டேயிருந்தன. யாரைக் கண்டாலும் சந்தேகப்படுகிறவளாகத் தான் மாறிக்கொண்டிருப்பது அவளுக்கே பிடிக்கவில்லை. சந்தேகப்படத் தேவையில்லாத ஒரே முகம் வீட்டிலேயே இருந்தது ஆறுதலாக இருந்தது.

"பழைய பாஸ்வேர்டு அவகிட்ட இருக்கும்டி. உன் கணக்குல என்னையும் ஓனரா சேத்துடு. எவனாச்சும் நொழைஞ்சா நான் வெரட்டிடறேன்" என்றான் அவன்.

சாமி பார்த்துவிட்டு மலையிலேயே செய்துவிடலாம் என்று சொன்னதும் அவள்தான்.

நவீன்குமார் தொன்னையைக் கீழே வைத்துவிட்டு, தன் போனில் எதையோ தட்டினான். "என் பேரப் போட்டுட்டேன். உனக்கு ஆறு நம்பர் வரும். அதச் சொன்னாப் போதும், வேல முடிஞ்சுது."

அவள் கையில் போன் அதிர்ந்தது. முகத்துக்கு நேரே பிடித்தாள். பூட்டு திறக்கவில்லை. பூட்டின் ரகசிய எண்ணைத் தட்டித் திறக்கப் பார்த்தாள். சந்தனம் பட்ட விரல் வழுக்கியது.

"கண்ணாடி பூரா சந்தனம். இப்படிக் குடு." வாங்கி வேட்டி முனையில் துடைத்தான். முகத்தருகே தூக்கி ஒருமுறை ஊதிவிட்டு, "இந்தா" என்று நீட்டினான்.

திரையில் பூட்டுக் குறி இல்லை. வாடிக்கையாளர்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்கு மேலே ஆறு இலக்கங்கள் வந்து நின்றிருந்தன.

ஹேமாவதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாமதமாகத் தன்னைக் கண்டுகொண்டதோ? அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மனம் அவசரமாகச் சொன்னது. திரையை அணைத்து, தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். பூட்டு ஆடி நின்றது.

"இன்னும் சந்தனம் இருக்குதா பாருங்க பாவா." திரையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் வாய் நிறையப் புளியோதரையோடு குனிந்து பார்த்தான். "இல்லியே. பளிச்சுன்னு கீது."

அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். பெயர்கள், முகவரிகள், யாருக்கு எந்த நிறம்.

கீழ்ப்படியில் யாரோ அரோகரா சொன்னார்கள். மழித்த தலையில் காற்று பட்டது. நேர்ந்துகொண்டு கொடுத்ததற்காக இதுவரை ஒருமுறைகூட வருந்தாதவள், மெல்லக் கையைத் தூக்கி உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நம்பர் வந்துச்சா? நேரமானா செல்லாதுடி, சீக்கிரம் சொல்லு."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க மொகத்துக்குத் தெறக்குது பாவா. நம்பரை நான் சொல்ல மாட்டேன்."