அழிக்கச் சொன்ன ஃபைல்

"இவளா? இவ ஓட்டினா பெட்ரோல் பங்க்காரன் மாடி வீடு கட்டிடுவான்!"

என் ஒர்க் ஷாப்புக்குள் நுழையும்போதே அண்ணன்காரன் ஆரம்பித்துவிட்டான். தங்கச்சி முறைத்தாள். நடுவில் அவர்களுடைய அப்பா, கார் சாவியைக் கெட்டியாகப் பிடித்தபடி.

"தம்பி, நீதான் ஒரு வழி பண்ணணும்," என்றார். "இருக்கிறது ஒரு கார். ரெண்டு பேருக்கும் வேணுமாம். இவனுக்குத் துணிக்கடைல வேலை. இவளுக்கு ஏர்போர்ட்ல புதுசா வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து விடியக்காலை அஞ்சு மணி டியூட்டி. அந்த நேரத்துக்கு பஸ்ஸே கிடையாது."

"அப்ப பொண்ணுக்கே குடுத்துட வேண்டியதுதானே?"

"எனக்கு யாரும் பாவம் பார்த்துத் தர வேணாம்," என்றாள் வெடுக்கென்று. "ஜெயிச்சு வாங்கிக்கறேன். இல்லேன்னா அந்த வேலையே வேணாம்."

ரோஷக்காரி! எனக்குப் பிடித்துப்போயிற்று.

"யார் வண்டியைப் பதமா ஓட்டறாங்களோ அவங்களுக்குத்தான் சாவி," என்றார் அப்பா. "மிஷின் பொய் சொல்லாதுல்ல?"

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒயரைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டினேன். எவ்வளவு பெட்ரோல் குடித்தது, எந்தப் பெடலை எப்போது மிதித்தார்கள், எல்லாவற்றையும் இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல லேப்டாப் எழுதிக்கொள்ளும்.

அப்பா அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். ஆளுக்குப் பத்து கிலோமீட்டர். ஒரே ரோடு.

முதலில் தங்கச்சி கிளம்பினாள். அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே என்னிடம் சொன்னான்:

"பாருங்கண்ணே, தள்ளிக்கிட்டுத்தான் திரும்பி வருவா. ஆட்டோமேட்டிக் வண்டி, கியர்கூட மாத்த வேணாம். அதையே நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுவா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவளை இப்படியா பேசுவான் ஒருத்தன்?

அவள் அலுங்காமல் குலுங்காமல் வந்து நிறுத்தினாள். இவன் விசிலடித்துக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"படுபாவி, குலுக்கி எடுத்துட்டான்!"

லேப்டாப்பில் கணக்கு வந்தது. தங்கச்சி, அரை லிட்டர். அண்ணன், முக்கால் லிட்டருக்கு மேல்.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து பஞ்சர் கடைக்காரர் எழுந்து ஓடி வந்தார். சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரை ரெண்டு சுற்று சுற்றி ஆடினாள்.

"இப்பப் பேசுண்ணா, பேசு!"

"ரோட்டுல டிராஃபிக்கு..."

"டிராஃபிக்காம் டிராஃபிக்! அழாதே, லீவு நாள்ல உன்னை ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு அப்படியொரு சந்தோஷம். நல்லா வேணும் அவனுக்கு!

கிளம்பும்போது அவன் மெல்ல என் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, என்னோட ஃபைலை மட்டும் அழிச்சிடுங்களேன். அவ பார்த்தா மானம் போயிடும்."

"மாட்டேன்! பிரிண்ட் எடுத்து இங்கேயே மாட்டப்போறேன். வாய்ச்சவடால் விடறவன்லாம் பார்க்கட்டும்."

"ப்ளீஸ்ண்ணே..."

வெளியே தங்கச்சி ஹார்னடித்தாள். அவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்ப் பின்சீட்டில் ஏறினான்.

பிரிண்டரைப் போட்டுவிட்டு அவன் ஃபைலைத் திறந்தேன். மேலே ஆக்ஸிலேட்டர் கோடு. கீழே பிரேக் கோடு. யார் ஓட்டினாலும் ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும்.

இதில் இரண்டும் ஏறியே இருந்தன. தவறுதலாக ஒருமுறை, இருமுறை மிதிக்கலாம். இவன் வலது கால் ஆக்ஸிலேட்டரிலும் இடது கால் பிரேக்கிலுமாகப் பத்து கிலோமீட்டரும் ஓட்டியிருக்கிறான்.

அடப்பாவி! சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பிரிண்டரை அணைத்தேன். தோற்பதற்கு அவன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான், அழிக்கிற வேலையையாவது நான் ஒழுங்காகச் செய்ய வேண்டாமா?