பின்மூடி

அவள் அதைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்ததும், லாசர் கொரேராவின் பேச்சு நின்றது.

பழைய சங்கிலிக் கடிகாரம். முகப்பில் எண்கள் கிடையாது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை, ஒவ்வொரு எண்ணின் இடத்திலும் ஓர் ஆங்கில எழுத்து. சுற்றிப் படித்தால் ஒரு பெயர்.

சேவியர் கொரேரா.

எதிர்ச் சுவரில் படமாக இருந்தார் அவர். லாசரின் அண்ணன். படத்துக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு.

இப்படிப் பெயர் பொறித்த கடிகாரங்களின் முதல் சொந்தக்காரர்களைத் தேடிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள் அவள். ஒன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். பத்தாவது இவர். நூலகத்தில் பழைய செய்தித்தாள் ஒன்று இவரைப் பற்றிச் சொன்னது.

நவம்பர், 1953. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சென்ற தோணியில் தவறி விழுந்தார். இடுப்புச் சங்கிலியும் கடிகாரமுமாக மூழ்கினார். உடல் கிடைக்கவில்லை. பார்த்த ஒரே சாட்சி, தம்பி.

தோணிகள் தம்பிக்கு வந்தன. இந்த வீடும்.

கடிகாரம் யாருடைய வலையிலோ சிக்கி மேலே வந்திருக்க வேண்டும் என்று அவள் நம்பினாள். நாற்பத்திரண்டு வருடம் கழித்துக் கடல் திருப்பிக் கொடுத்த பொருள். இதைவிட நல்ல கடைசி அத்தியாயம் கிடைக்காது.

"எங்க கெடச்சுது?"

"மெட்ராஸ்ல, ஒரு பழைய சாமான் கடையில சார்."

"தனியாவா வந்திய?"

"ஆமா சார். உறுதியான பிறகு எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்னு."

அவர் தலையாட்டினார். அவள் எழுதியிருந்த கடிதத்தை ஒதுக்கிவிட்டு, கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

"அண்ணன் இத ஒருத்தரையும் தொட விடமாட்டான். நானே இன்னைக்குத்தான் தொடுதேன். மணி என்னன்னு கேட்டா, 'வி' ஆச்சும்பான். பேருல மூணாவது எழுத்து, அப்ப மூணு மணின்னு நாமளா எண்ணிப் புரிஞ்சுக்கிடணும். அவ்வளவு கொழுப்பு."

அவள் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். அவளைப் பார்த்துக்கொண்டே, சாவி கொடுக்கும் திருகைக் கால் சுற்று பின்னால் தள்ளி, அடியில் கட்டைவிரலால் அழுத்தினார்.

பின்மூடி திறந்துகொண்டது.

சென்னையில் மூன்று வாட்ச் கடைக்காரர்கள் முயன்று கைவிட்ட மூடி.

அவர் கையைப் பார்க்கக்கூட இல்லை.

சிரிப்பு இருவரிடமும் ஒரே நேரத்தில் நின்றது.

பழக்கதோஷம். அவள் லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்துவிட்டாள். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. உப்புக் கறை இல்லை. துரு இல்லை.

கடிகாரத்தைத் துடைத்து எண்ணெய் போடும் ஒவ்வொரு முறையும், பழுது பார்ப்பவர்கள் மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதியைக் கீறி வைப்பார்கள். இதில் ஒரே ஒரு கீறல்.

3-54.

மறுபடியும் படித்தாள்.

அண்ணன் மூழ்கி நான்கு மாதம் கழித்து.

"என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். தேய்மானம்."

சீக்கிரம் சொல்லிவிட்டாள். மிகவும் சீக்கிரம்.

அவர் மூடியைச் சாத்தினார். சாவி கொடுத்தார். கடிகாரம் ஓடத் தொடங்கியது. சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்து, முட்களை நகர்த்தி வைத்தார். பிறகு அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவள் லென்ஸைக் கைப்பையில் போட்டாள்.

அவர் அவளுடைய கடிதத்தை எடுத்தார். நிதானமாக நான்காய் மடித்து, கடிகாரத்தோடு சேர்த்து வைத்தார். எழுந்தார்.

"அண்ணன் விழுந்த எடத்தப் பாக்கணும்னு எழுதியிருந்தியளே."

வெளியே வெயிலில் கடல் அசையாமல் கிடந்தது.

"வாங்கம்மா. 'வி' ஆகப் போவுது. தோணி ரெடியா நிக்குது."