கதவோரத் தீர்ப்பு

மாயாஜாலப் படத்தின் மூன்று பாகங்களில் நடுப்பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டிக் கோத்த எடிட்டர் கதவோரம் நிற்கிறாள். பக்கத்தில், டார்ச் அடித்து இருக்கை காட்டும் அக்கா. அக்கா எந்தப் படத்துக்கும் திரையைப் பார்ப்பதில்லை. இருட்டில் எத்தனை செல்போன் மினுங்குகிறது என்று பார்த்தே தீர்ப்பு சொல்லிவிடுவாள். முதல் பாகத்துக்கு, "அரைமணியில பாதி ஹால் வெளிச்சமாயிடுச்சும்மா" என்று முகத்துக்கு நேரே சொன்னவள். இன்று ஒரு செல்போன்கூட மினுங்கவில்லை; திரையில் சீறும் டிராகனின் நெருப்பு மட்டும் அத்தனை தலைகள் மேலும் ஆரஞ்சாய் வழிந்து அணைகிறது. "எப்படிக்கா போகுது?" என்று கேட்கிறாள் எடிட்டர். திரும்பினால், டார்ச் படியில் உருண்டு கிடக்கிறது. "கொஞ்சம் சும்மா இரும்மா," என்கிறாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஊமை ராணி வாயத் தொறக்கப் போறா."