பஸ்ராவிலிருந்து வந்த கேசட்

இராக்கின் பஸ்ரா நகருக்குக் கட்டட வேலைக்குப் போன ஷிஹாத்தா, ஒரேயொரு வீடியோ கேசட் அனுப்பிவிட்டு அங்கேயே செத்தான். அதில் தெருவாருக்கெல்லாம் பேர் சொல்லி ஸலாம் சொல்லியிருப்பான். கடைசியில், "பெருநாளுக்கு வந்துடறேம்மா" என்பான். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவன் தாய் நிஅமத் எகிப்தில் தங்கள் ஊரான சொஹாக்கின் கடைத்தெருவுக்கு கேசட்டோடு வந்தாள்.

"டேப்பைப் பூஞ்சை தின்னுடுச்சு, பெரியம்மா. இனி ஒரே தடவைதான் ஓடும். அதுலயே சிடியில ஏத்திடறேன்" என்றான் வீடியோ கடைக்கார ஹில்மி.

"நீ ஓட்டு. நான் தெருப் பொம்பளைங்களைக் கூட்டிட்டு வரேன். அவளுங்க இல்லாம நான் மட்டும் பார்த்தா காறித் துப்புவாளுங்க. அவன் என்கிட்ட பேசறது கடைசியிலதானே."

அவர்களோடு திரும்பியபோது கேசட் நார்நாராகக் கிடந்தது. ஹில்மி சிடியைப் போட்டான். திரையில் நாற்காலியில் உட்கார்ந்து ஷிஹாத்தா ஒவ்வொருத்திக்கும் ஸலாம் சொன்னான்.

"இன்னும் என்னைக் குண்டச்சிங்கறான் பாரு, எருமை!" என்று ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஷிஹாத்தா நிமிர்ந்து, "அம்மா எங்கே?" என்றான்.

"தெருப் பொம்பளைங்களைக் கூப்பிடப் போயிருக்காங்க" என்றது சிடியில் ஹில்மியின் குரல்.

கடையில் நின்ற ஹில்மி வாயைப் பொத்திக்கொண்டான்.

"அவளுக்கு எப்பவும் தெருதான் பெரிசு" என்று ஷிஹாத்தா எழுந்து போனான்.

"இங்கதான்டா நிக்கறேன்!" என்று நிஅமத் திரையைத் தட்டினாள்.

சிடி முடியும்வரை அதில் வெறும் நாற்காலி இருந்தது.