வாய் திறக்காத டயர்

கடற்காற்று அடிக்கும் ஆங்கிள்சி பந்தயத் தடத்தின் ஓரத்தில், கெதின் தன் மனைவி ஐர்லிஸின் பழைய எம்ஜி காரை ஜாக்கியில் தூக்குகிறார். அவள் பிறந்தநாளுக்கு அவர் வாங்கித் தந்த பந்தய டயர்களில் சூடு ஆறவில்லை, பொடிக்கற்கள் அப்பியிருக்கின்றன. "ரோட்டப் பிடிக்கலையா?" என்று கேட்கிறார். "பல்லி மாதிரி பிடிக்குது. வளைவுல டயரு வாயே தொறக்கல. எனக்குப் பயமும் வரல, சிரிப்பும் வரல. பழைய டயரயே மாட்டுய்யா" என்கிறாள் ஐர்லிஸ், தேநீரை உறிஞ்சியபடி. நாலையும் மாற்றியதும் கிளம்பிவிடுகிறாள். மூன்றாம் வளைவில் கூரையில்லாத அந்த வண்டி பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு கார்கள் அவளைத் தாண்டிப் பறக்கின்றன. டயர்கள் கிறீச்சிடுகின்றன, அதற்கும் மேலே அவள் சிரிப்பு கேட்கிறது. கெதின் தான் பரிசளித்த டயர்களில் ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்காருகிறார். இன்னும் வெதுவெதுப்பு இருக்கிறது. இந்தக் குளிருக்கு இதமாகத்தான் இருக்கிறது.