மூன்றாம் தரம் விரித்த கட்டில்

"கழட்டுங்க ஐயா. திரும்ப விரிங்க."

இது மூன்றாம் தரம். கட்டில் மூலையில் தெரிந்த சுருக்கை ஒற்றை விரலால் காட்டிய நஸ்ஹா, விரிப்பைத் தானே உருவி வினாயகமூர்த்தியின் கையில் திணித்தாள்.

"ஓம் மகள்," என்றார் அவர். முகத்தில் கோபத்தின் நிழல்கூட இல்லை.

அழுக்குத் துணி எடுக்க வந்த ஜக்குலின் வாசலில் நின்று இதைப் பார்த்தாள். அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பாசிக்குடாக் கடற்கரையில் அந்த ஹோட்டலின் சலவைப் பகுதி ஜக்குலினின் பொறுப்பு. அறைகளுக்குப் பொறுப்பு ஓட்டமாவடி ஊர் நஸ்ஹா, வயது இருபத்தாறு. அறை துப்புரவாக்கும் றூம் போயாகப் புதிதாகச் சேர்ந்தவர் வினாயகமூர்த்தி, வயது ஐம்பத்தெட்டு. வவுணதீவில் அவர் விதைத்த வயல் வட்டையை வெள்ளம் வருடா வருடம் கொண்டுபோனது. மகளுக்கென்று கட்டத் தொடங்கிய வீடு கூரையில்லாமல் நிற்கிறது. மகளுக்கு வீடு கொடுக்காமல் அந்த ஊரில் கலியாணம் பேச முடியுமா? மனிசன் மண்வெட்டியை வைத்துவிட்டுத் தலையணை உறை மாற்ற வந்துவிட்டார்.

பயிற்சி இன்றோடு முடிகிறது. மனேஜர் ஹரல்ட் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்கு பஸ்.

சலவை அறைக்குத் தேநீர் கொண்டுவந்த சமையற்கார ரொபின் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான்.

"மனிசன் சேர்ந்த நாளில இருந்து மேல்மாடியக் கண்ணால காணல்ல, தெரியுமா?"

"எப்பிடிக் காணுற? கீழ ஒரு கட்டிலையே திருப்பித் திருப்பி விரிக்க வைக்கிறாளே!"

"ரெண்டு மாடியும் பழகினாத்தான் நிரந்தரம் எண்டு மனேஜர் சேர் சொன்னவர். பழக விடாமல் அனுப்பிப்போட்டு, தன்ர ஆளைக் கொண்டுவரப் போறாள் போல."

ஜக்குலின் தேநீரைக் குடிக்கவில்லை. நேரே ஹரல்டின் அறைக்குப் போனாள்.

"சேர், நஸ்ஹாவப் பத்தி ஒரு கதை இரிக்கு."

அவர் தொலைபேசியில் இருந்தார். கொஞ்சம் பொறுக்கும்படி கையைக் காட்டினார்.

பொறுக்கிற நேரத்தில் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தால் என்ன? கிழவனைக் கீழே வாட்டிவிட்டு மேலே போய்ப் போனில் கதைத்துக்கொண்டுதான் இருப்பாள். ஜக்குலின் படியேறினாள்.

மேலே அறைகள் எல்லாம் பளிச்சென்று கிடந்தன. கடைசி அறையில் நஸ்ஹா முழந்தாளில் நின்று மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள். வியர்வையில் முக்காடு நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"இதென்னகா? ஆள் இரிக்க நீ ஏன் செய்றாய்?"

நஸ்ஹா ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

"சத்தம் போடாதீங்க அக்கா. முதல் நாள் அவரை மேல கூட்டி வந்தன். பாதிப் படியில முழங்காலைப் புடிச்சிக்கிட்டு நிண்டுட்டார். என்னய்யா எண்டு கேட்டா, கடல் பார்க்கிறன் மகள் எண்டார். அந்தப் படியில நிண்டா கடலா தெரியும்? நம்மட குப்பை வாளிதான் தெரியும்."

நஸ்ஹா திரும்பவும் மெத்தையைத் தூக்கினாள்.

"சேர் கண்டா அண்டைக்கே அனுப்பியிருப்பார்."

"அதுக்கு அந்த மனிசனை இப்பிடி வாட்டுறதா? மேல வராதீங்க எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா?"

"சொன்னா ஓடி ஏறிக் காட்டுவார் அக்கா! அவர்ர ரோசம் உங்களுக்குத் தெரியாது. அவரைக் கீழ மறிச்சு வைக்க எனக்கு வேற வழி தெரியல்ல."

ஜக்குலின் இறங்கி வரும்போது படியடியில் ஹரல்ட் நின்றார்.

"என்னமோ கதை எண்டீங்களே?"

"ஓம் சேர். நஸ்ஹா நல்லாப் பழக்கியிரிக்கா. அந்த ஐயா கீழ உள்ள அறையெல்லாம் தனியாளா முடிக்கிறார். அவரைக் கீழயே நிரந்தரமாப் போட்டுருங்க. ஒரே ஆள் துணி தந்தா எனக்கும் கணக்குக் குழம்பாது."

"ரெண்டு மாடியும் பழகோணும் எண்டெல்லோ…"

"மேல அனுப்பினா என்ர துணி கலைஞ்சுபோகும் சேர். பிறகு என்னைக் கேக்கப்படாது."

சலவைக்காரியோடு மல்லுக்கட்ட எந்த மனேஜரும் விரும்ப மாட்டான். "சரி, உங்கட விருப்பம்," என்று ஹரல்ட் தலையாட்டிவிட்டுப் போனார்.

வினாயகமூர்த்தி அதே அறையில்தான் இருந்தார். ஜக்குலின் செய்தியைச் சொன்னாள். நிரந்தரம், அதுவும் கீழ்மாடியில் மட்டும்.

அவர் கட்டிலின் மறுபக்கம் போய் மூலையை ஒரே இழுப்பில் இழுத்தார். விரிப்பு பலகை மாதிரி மட்டமாகக் கிடந்தது.

"அப்ப நாளையில இருந்து சுருக்கு வைக்கத் தேவையில்ல."

"என்ன சொல்றீங்க?"

படியில் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தணித்தார்.

"நஸ்ஹாப் புள்ளைக்கு இல்லாத குறையைச் சொல்ல வராது தங்கச்சி. என்னைக் கீழ மறிச்சு வைக்க ஏசோணும் எண்டு வந்து, பிழை ஒண்டும் காணாமல் பாவம் முழிச்சிக்கிட்டு நிக்கும். அதான் ஒவ்வொரு நாளும் நானே ஒண்டு வெச்சுக் குடுத்தன்."