நீலச் சீட்டு

காலை ஒன்பது மணி பத்து நிமிடம்.

பாலத்தின் இக்கரைச் சோதனைச் சாவடியில் வரிசை நின்றுபோனது. அக்கரையிலிருந்து வந்த பெண் நீட்டிய அனுமதிச் சீட்டை, அதிகாரி இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நீல நிறம்.

"யாரும்மா அடிச்சுக் கொடுத்தாங்க இதை?"

"எங்க ஆபீஸ்லதான் சார். நேத்து சாயங்காலம்."

"மாட்டுற எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அனுமதிச் சீட்டோடு பாலத்தைக் கடக்கலாம் என்று இரு அரசுகளும் உடன்பாட்டை அறிவித்து ஆறு மாதம் ஆகிறது. அன்று முதல் இந்த ஜன்னலில் அவர்தான். தொட்டாலே போலியைக் கண்டுபிடிப்பவர் என்று மேலிடத்தில் பெயர்.

பின்னால் சைக்கிளோடு நின்ற ரொட்டிக்காரரிடம் கை நீட்டினார். "அண்ணே, உங்க சீட்டைக் கொஞ்சம் கொடுங்க."

ரொட்டிக்காரர் தயங்கித் தந்தார்.

"பாரும்மா. அசல்னா இப்படி இருக்கணும். பச்சை. முத்திரை எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு. உன்னுதுல பாதிதான் விழுந்திருக்கு. போட்டோ வேற கோணல்."

"பத்து மணிக்கு எனக்கு ரிஜிஸ்டர் கல்யாணம் சார்."

"பத்தரைக்கு வச்சுக்கோயேன்."

"போன தடவை நான்தான் கடைசி நேரத்துல வேணாம்னு போன் பண்ணேன். இன்னிக்கும் போகலைன்னா அவர் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டார்."

"கள்ளச் சீட்டுக்கு ரெண்டு வருஷம் உள்ள. அதுவரைக்கும் காத்திருப்பாரான்னு கேளு."

அவள் அழத் தொடங்கினாள்.

"முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா" என்று ரொட்டிக்காரர் முணுமுணுத்தார்.

கைது செய்யும் முன் அக்கரை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. அதிகாரி போனை எடுத்தார். வரிசை முழுவதும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு, சீட்டின் எண்ணைப் படித்தார்.

அக்கரை எழுத்தர் உற்சாகமாகப் பேசினார். "நல்ல சீட்டுதான் சார். எங்க முதல் சீட்டே அதுதான்."

"இன்னிக்கு முதலா?"

"மொத்தத்துலயே முதல் சார். பச்சையா நீலமான்னு ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிப் பேசி, நேத்துதானே நீலம்னு கையெழுத்தாச்சு."

ரொட்டிக்காரர் சைக்கிளை ஓசைப்படாமல் திருப்பினார். அவருக்குப் பின்னால் வரிசையும் திரும்பியது.

ஸ்பீக்கரில் எழுத்தரின் குரல் தொடர்ந்தது. "ஆமா சார், ஆறு மாசமா உங்க ஜன்னல்ல கூட்டம் தாங்கலைன்னு பேசிக்கறாங்களே, அவங்கல்லாம் எதைக் காட்டிட்டு வர்றாங்க?"